தம்பி பிறந்ததும் கடிக்கத் தொடங்கிய மகள்

கேள்வி: என் மகளுக்கு 3 வயது 7 மாதம். ப்ளே ஸ்கூல் போகிறாள். மகன் பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. இரண்டு மாதமாக இவள் கூடப் படிக்கும் பிள்ளைகளைக் கடிக்கிறாள். போன வாரம் ஒரு பையனின் கையில் பல் பதிந்துவிட்டது. அவன் அம்மா கேட்டிலேயே நின்று சத்தம் போட்டார். இன்னொரு முறை நடந்தால் அனுப்ப வேண்டாம் என்று மிஸ் சொல்கிறார். என் கணவர் அடித்துப் பார்த்தார். "நீயும் ஒரு கடி கடி, அப்பத்தான் வலி தெரியும்" என்று மாமியார் சொன்னதால் நானும் கடித்தேன். மறுநாளே திரும்பக் கடித்துவிட்டாள். படுக்கையில் சிறுநீர் போகும் பழக்கம் விட்டுப்போயிருந்தது, அதுவும் திரும்ப வந்துவிட்டது. தம்பி அழுவதால் அவள் தூங்கப் பதினொன்று ஆகிறது, காலை ஏழு மணிக்கு எழுப்புகிறேன். பிள்ளையை நானே கெடுத்துவிட்டேனா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கெடுக்கவில்லை. உங்கள் மகளும் கெட்ட பிள்ளை இல்லை. அவளுக்கு இப்போது இரண்டு கஷ்டங்கள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று தம்பி. இன்னொன்றை உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: தூக்கம்.

முதலில் அதைப் பார்த்துவிடுவோம். 3, 4 வயதுப் பிள்ளைகள் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. உங்கள் மகள் ராத்திரியில் எட்டு மணி நேரம் தூங்குகிறாள். மத்தியானம் ஒரு மணி நேரம் படுத்தாலும் போதாது. தூக்கம் போதாத பெரியவர்களே எரிந்து விழுகிறோம், அவள் சின்னப் பிள்ளை. தம்பி அழுதாலும் அவள் தூக்கம் கலையாத மாதிரி பாட்டியோடு வேறு அறையில் படுக்க வையுங்கள். ஆனால் "தம்பி வந்ததால் என்னை வெளியே அனுப்பிட்டாங்க" என்று அவளுக்குத் தோன்றிவிடக் கூடாது. அதனால் அவளைத் தூங்கவைக்க நீங்களே போய்ப் பக்கத்தில் படுங்கள். எட்டரைக்கு விளக்கை அணையுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே டிவி, செல்போன் எல்லாம் நின்றுவிடட்டும்.

அடுத்தது தம்பி. அடுத்த பிள்ளை வந்ததும் மூத்தது வாடிப்போவதைச் சவலை என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். பால் மறந்த பிள்ளைக்குச் சொன்ன வார்த்தை அது. மனசும் அப்படிச் சவலையாகிப் போகும் என்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அவளிடம், "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம், இனி தம்பிதான் எங்க பிள்ளை" என்று விளையாட்டாகச் சொல்கிறார்களா? மூன்றரை வயதில் அது விளையாட்டாகக் காதில் விழாது. உண்மை என்றே நம்பிவிடுவாள். யார் சொன்னாலும், பெரியவர்களாகவே இருந்தாலும், அவள் முன்னாலேயே நிறுத்துங்கள்.

தினமும் கால் மணி நேரம் அவளுக்கு மட்டும் கொடுங்கள். தம்பி பாட்டியிடம் இருக்கட்டும், போன் வேறு அறையில் இருக்கட்டும். என்ன விளையாட்டு என்று அவள் சொல்லட்டும். அன்றைக்கு அவள் யாரையாவது கடித்துவிட்டு வந்திருந்தாலும் இந்த நேரத்தை வெட்டாதீர்கள். அதுவும் போய்விட்டால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

சரி, கடிக்கும்போது என்ன செய்வது? அவள் உயரத்துக்குக் குனிந்து, கையைப் பிடித்து, "கடிக்கக் கூடாது, வலிக்கும்" என்று மட்டும் சொல்லுங்கள். நீளமாகப் பேசினால் அந்த நேரத்தில் ஒன்றும் ஏறாது. உடனே கடிபட்ட பிள்ளையிடம் போங்கள். காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொஞ்சம் அடங்கியதும் ஈரத்துணியை அவள் கையில் கொடுத்து ஒத்தச் சொல்லலாம். கட்டாயப்படுத்தி ஸாரி சொல்ல வைக்க வேண்டாம்.

கோபம் வரும்போது இந்த வயதில் பேச்சு வருவதற்கு முன்னால் பல் வந்துவிடுகிறது. அதனால் வார்த்தையை முன்கூட்டியே வாயில் போட்டு வைக்க வேண்டும். இரண்டு பொம்மைகளைச் சண்டை போட வைத்து, "நான் விளையாடிட்டுத் தரேன்", "தள்ளாதே", "மிஸ், இவன் பிடுங்குறான்" என்று அவளைச் சொல்ல வையுங்கள். இது பாட்டிக்கு நன்றாக வரும். அவரை எதிரியாக்கிக்கொள்ளாமல் இந்த வேலையை அவரிடம் கொடுங்கள்.

மிஸ்ஸிடம் சண்டைக்குப் போகாமல் ஓர் உதவி கேளுங்கள். எத்தனை மணிக்குக் கடித்தாள், பக்கத்தில் யார் இருந்தார்கள், அதற்கு முன் என்ன நடந்தது என்று ஒரு வாரம் குறித்துவைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் சாப்பாட்டுக்கு முன் பசியிலோ சறுக்குமரத்தில் முறைக்கு நிற்கும்போதோ நடப்பது தெரியவரும். அந்த நேரத்தில் மட்டும் மிஸ் பக்கத்தில் நின்றாலே பாதி குறையும். "கடிக்கிற பொண்ணு" என்ற பெயர் வகுப்பில் நிலைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும் சொல்லுங்கள்.

படுக்கை நனைவதற்குத் திட்டாதீர்கள், தானாகச் சரியாகும். ஆனால் சிறுநீர் போகும்போது எரிகிறது என்றாலோ அடிக்கடி போனாலோ மருத்துவரிடம் காட்டுங்கள், கிருமித் தொற்றாக இருக்கலாம். அவள் இன்னும் வாக்கியமாகப் பேசவில்லை, வெளியாட்களுக்குப் பேச்சு புரியவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, மற்ற பிள்ளைகளோடு சேர்வதே இல்லை என்றால் காத்திருக்காமல் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். பிள்ளைகளின் வளர்ச்சியைப் பரிசோதிக்க அரசு மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. என்ற மையங்கள் உண்டு, கட்டணம் கிடையாது. இதெல்லாம் சரியாக இருந்தும் இரண்டு மூன்று மாதத்தில் கடிப்பது குறையவில்லை என்றாலும் போய்க் காட்டுங்கள்.

உங்கள் கணவரிடமும் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அடி வாங்கும் பிள்ளை, கோபம் வந்தால் அடிக்கலாம் என்றுதான் கற்றுக்கொள்ளும். நீங்கள் கடித்ததும் அதே மாதிரிதான். அதற்காக உங்களையே தண்டித்துக்கொள்ள வேண்டாம். இன்றைக்கு ராத்திரி பக்கத்தில் படுக்கும்போது, "அன்னைக்கு அம்மா உன்னைக் கடிச்சது தப்பு, இனிமே கடிக்க மாட்டேன்" என்று அவளிடம் சொல்லுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.