நுரையீரலில் போய் நிற்கும் மருந்து

கேள்வி: டாக்டர், பனிக்காலம் வந்தாலே எங்கள் பட்டியில் ஆடுகள் இருமுகின்றன, மூக்கில் சளி ஒழுகுகிறது. தினமும் பிடித்து ஊசி போட ஆள் இல்லை. ஒரே ஊசியில் நுரையீரலுக்குப் போய் அங்கேயே கரையும் மருந்து உருண்டை இருப்பதாக என் அக்கா மகன் சொல்கிறான். எங்கே கிடைக்கும்?

– வெள்ளாடு வளர்ப்பவர், தேன்கனிக்கோட்டை

பதில்: பையன் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது இன்னும் ஆய்வுக்கூடத்து விஷயம். மருந்துக் கடையில் கேட்டு அலையாதீர்கள்.

யோசனை என்னவோ அருமையானது. கழுத்து ரத்தக்குழாயில் போடும் மருந்து இதயத்தின் வலப்பக்கம் போய், அங்கிருந்து நேரே நுரையீரலுக்குத்தான் தள்ளப்படும். அங்குள்ள ரத்தத் தந்துகிகள், அதாவது மயிரிழை போன்ற ரத்தக்குழாய்கள், அத்தனை குறுகல். ஆட்டின் ரத்தச் சிவப்பணுவே சுமார் 3 மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), நம்முடையதில் பாதிகூட இல்லை. 10, 15 மைக்ரான் உருண்டை வந்தால் சல்லடையில் கல் நிற்பதுபோல நின்றுவிடும். லாக்டிக் அமிலமும் கிளைக்காலிக் அமிலமும் சங்கிலியாகக் கோத்த பாலிமரில் இந்த உருண்டையைச் செய்வார்கள். ஆபரேஷனில் பிரிக்கத் தேவையில்லாத தையல் நூலும் இதே சாதிதான். ஈரம் பட்டு மெல்லச் சிதையச் சிதைய உள்ளிருக்கும் ஆன்டிபயாடிக் கசியும்; மிஞ்சும் அமிலத்தை உடம்பே கழித்துக்கொள்ளும்.

எனக்குத் தயக்கமும் உண்டு. உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ரத்த ஓட்டமே அடைபடும்; ஏற்கெனவே மூச்சு வாங்கும் ஆடு தாங்குமா? அப்புறம், நாள்கணக்கில் கசியும் மருந்து என்றால் அந்த ஆட்டைக் கறிக்கு எப்போது விற்பது? போச்சம்பள்ளி சந்தைக்கு ஓட்டிப்போகிறவர் இதைக் கேட்டே ஆக வேண்டும். இப்போதுள்ள, நீண்டநேரம் வேலை செய்யும் ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் ஊசிக்கே வாரக்கணக்கில் காத்திருக்கச் சொல்கிறோம்.

ஆள் இல்லாத உங்கள் சிக்கலுக்கு அந்த ஆக்சிடெட்ராசைக்ளின் ஊசியைப் பற்றித்தான் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். ஒருமுறை போட்டால் இரண்டு மூன்று நாள் வேலை செய்யும். அளவை ஆட்டின் எடை பார்த்து அவர் சொல்லட்டும், பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் குளிருக்குப் பயந்து கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாயை இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். உள்ளே போனால் மூத்திர நெடியில் நமக்கே கண் எரிகிறது, ஆட்டின் நுரையீரல் என்ன ஆகும்? மேலே ஒரு முழம் திறந்து விடுங்கள், தரையைக் காய வையுங்கள். சளியோடு காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல் எல்லாம் சேர்ந்து வந்தால் அது ஆட்டுக்கொல்லியாக இருக்கலாம். அது வைரஸ், ஆன்டிபயாடிக் அதைக் கொல்லாது. அந்த ஆட்டைத் தனியே கட்டிவிட்டு கால்நடை உதவி எண் 1962-க்குக் கூப்பிடுங்கள்.