சுவிட்சர்லாந்தில் ஓட்டமில்லாமல் ஒரு நாள்: கப்பலில் கொஞ்சம், கால்நடையாகக் கொஞ்சம்

ஆகஸ்ட் மாதம் அப்பா அம்மாவுடன் ஒரு வாரம் சுவிஸ் வருகிறீர்கள். மலை உச்சி ரயிலுக்கு ஒரு நாள் போதும், மிச்ச நாட்களில் அவசரமில்லாமல் படகிலும் நடந்தும் சுற்ற எங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி, ஏற்றம் ஏற முடியாது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

நான் பெர்னில் இருக்கிறேன். என் அப்பா 1984இல் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தவர், நாங்கள் சில வருடங்கள் கழித்து வந்து சேர்ந்தோம். எங்கள் பக்கத்தில் ‘ஆறுதலாக’ என்று ஒரு சொல்லை அடிக்கடி சொல்வோம். ஆறுதலாகப் போவோம், ஆறுதலாகச் சாப்பிடு என்றால் அவசரப்படாமல், உடம்பு நோகாமல் என்று அர்த்தம். நீங்கள் தேடுவது அப்படி ஒரு நாள். அதற்கு இந்த நாட்டில் மலைகளைவிட ஏரிகள்தான் நல்ல இடம் என்று உறுதியாகச் சொல்வேன்.

வழி மிக எளிது. காலையில் கப்பல் ஏறுங்கள். (ஏரியில் ஓடும் பெரிய படகை இங்கே நாங்கள் கப்பல் என்றே சொல்வோம்.) நடுவில் ஒரு துறையில் இறங்கி, கரையோரமாக அடுத்த துறை வரை நடங்கள். அங்கிருந்து கப்பலோ ரயிலோ பிடித்துத் திரும்புங்கள். புறப்பட்ட இடத்துக்கே நடந்து வர வேண்டியதில்லை. நடக்க முடியாதவர் கப்பலிலேயே இருந்து அடுத்த துறையில் காத்திருக்கலாம். ஒரே குடும்பத்தில் நடக்கிறவரும் நடக்காதவரும் சேர்ந்து போய்ச் சேர்ந்து திரும்ப இதைவிடத் தோதான ஏற்பாடு எனக்குத் தெரியாது.

ஒரே இடம்தான் போக முடியும் என்றால் லூசேர்ன் ஏரிக்குப் போங்கள், அதிலும் அதன் தெற்குக் கையான ஊரி ஏரிக்கு. ஜெர்மனில் முழு ஏரிக்கும் ‘நான்கு வன மாநிலங்களின் ஏரி’ என்று பொருள்படும் பெயர். லூசேர்ன் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து வீதியைக் கடந்தால் கப்பல் துறை. இந்த ஏரியில் ஐந்து பழைய துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல்கள் கோடையில் இன்னும் ஓடுகின்றன: ஊரி (1901), உன்டர்வால்டன் (1902), ஷில்லர் (1906), காலியா (1913), ஷ்டட் லூசேர்ன் (1928). சுவிஸில் இன்றும் ஓடும் துடுப்புச் சக்கரக் கப்பல்களில் ‘ஊரி’தான் மூத்தது. கால அட்டவணையில் நீராவிக் கப்பல் எது என்று தனிக் குறி போட்டிருப்பார்கள், பார்த்து ஏறுங்கள். கப்பலின் நடுவில் தளம் திறந்திருக்கும். கம்பியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தால், எண்ணெய் மினுங்கும் எஃகுத் தண்டுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சுழல்வது தெரியும். நிலக்கரி போய் எண்ணெய் வந்துவிட்டது, ஆனால் ஓட்டுவது நீராவிதான். என் அம்மா முதல் தடவை போனபோது மலையைப் பார்த்த நேரத்தைவிட அந்த இயந்திரத்தைப் பார்த்த நேரம் அதிகம். குடும்பத்தில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களும் அங்கேதான் நிற்பார்கள்.

இந்த ஏரியில் முதல் நீராவிக் கப்பல் 1837இல் ஓடியது. ஊரி ஏரியின் இரண்டு கரையிலும் பாறை செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. கிழக்குக் கரையில் ஆக்ஸன் வீதியை 1865இல்தான் திறந்தார்கள். அதுவரை, ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிப் பக்கம் போகும் கொத்தார்ட் கணவாய்க்கான சரக்கும் ஆளும் இந்தத் தண்ணீரின் மேல்தான் போக வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு சின்ன ஊருக்கும் ஒரு துறை இருக்கிறது. உல்லாசப் படகு என்று நினைத்து ஏறுவீர்கள், ஆனால் நம் ஊர்ப் பஸ் மாதிரி நின்று நின்று போகும். வெக்கிஸ், விட்ஸ்நாவ், கெர்சாவ், புருன்னன் என்று ஒவ்வொரு துறையிலும் கயிறு வீசி, பலகை போட்டு, நாலு பேர் இறங்கி, நாலு பேர் ஏறுவார்கள். லூசேர்னிலிருந்து கடைசித் துறையான ஃப்ளுயேலன் போக ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம். நீண்ட நேரம் போலத் தோன்றும். மேல் தளத்தில் தேநீரோடு உட்கார்ந்தால் போதவில்லை என்பீர்கள்.

புருன்னனைத் தாண்டியதும் ஏரி சட்டென்று தெற்கே திரும்பும். மலைகள் நெருங்கி வரும், தண்ணீரின் நிறம் கறுக்கும். வலப்பக்கம் ஒரு சரிவில் பச்சைப் புல்வெளி தெரியும், அதுதான் ரூட்லி. 1291இல் ஊரி, ஷ்வீஸ், உன்டர்வால்டன் என்ற மூன்று மாநிலங்களின் ஆட்கள் அங்கே கூடிச் சத்தியம் செய்தார்கள் என்பது இந்த நாட்டின் பிறப்புக் கதை. 1940 ஜூலை 25ஆம் திகதி, ஹிட்லரின் ஜெர்மனியிடம் பிரான்ஸ் விழுந்த சில வாரங்களில், சுவிஸ் படைத் தளபதி ஹென்றி கிஸான் தன் அதிகாரிகளை ‘ஷ்டட் லூசேர்ன்’ கப்பலில் ஏற்றி இதே புல்வெளிக்குக் கொண்டுவந்து, எதிர்த்து நிற்போம் என்று சொன்னார். நீங்கள் ஏறுவது அந்தக் கப்பலாகவே இருக்கலாம்.

நடக்க வேண்டிய பாதைக்கு ‘சுவிஸின் வழி’ என்று பெயர். சுவிஸ் கூட்டமைப்பின் 700ஆவது ஆண்டுக்காக 1991இல் திறந்தார்கள். ரூட்லியில் தொடங்கி ஊரி ஏரியைச் சுற்றிப் புருன்னனில் முடியும், மொத்தம் 35 கிலோமீட்டர். அதை அளந்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும்: நாட்டில் குடியிருப்பவர் ஒருவருக்கு 5 மில்லிமீட்டர். மாநிலங்கள் கூட்டமைப்பில் சேர்ந்த வரிசையில், ஆளெண்ணிக்கைக்குத் தக்கபடி பாதையைப் பங்கு போட்டு, எல்லைக்கு எல்லை கல் நாட்டியிருக்கிறார்கள். சூரிக் மாநிலத்தின் துண்டு சுமார் 6 கிலோமீட்டர் போகும், குட்டி மாநிலமான உள் அப்பென்செல்லுக்குச் சுமார் 70 மீட்டர்தான். இதை நான் அப்பாவுக்கு விளக்கியபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “91இல் நானும் இங்கதானே இருந்தனான், எனக்கும் அதில ஒரு அஞ்சு மில்லிமீட்டர் இருக்கும்” என்றார். பெர்ன் மாநிலத்தின் கல் வந்த இடத்தில் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். உணவக அடுக்களையில் பல வருடம் நின்று தேய்ந்த கால் அவருக்கு. அன்றைக்கு மட்டும் ஓய்வெடுக்கச் சொன்னால் கேட்கவில்லை.

முழுப் பாதையும் உங்களுக்கு வேண்டாம். ரூட்லியிலிருந்து பௌவன் வரையான பகுதி ஸேலிஸ்பெர்க் வரை ஏறி மறுபடி இறங்கும், முழங்கால் தாங்காது. பௌவனில் இறங்கி ஃப்ளுயேலன் வரை நடப்பதுதான் நல்லது. சுமார் 10 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம், மெதுவாக நடந்தால் மூன்று மணி நேரம். எல்லாக் கப்பலும் பௌவனில் நிற்காது, முதலே பார்த்துக்கொள்ளுங்கள். அது மலைக்கும் ஏரிக்கும் நடுவில் செருகியது மாதிரி ஒரு குட்டி ஊர். காற்றுக்கு மறைவான இடம் என்பதால் கரையில் பனை இனத்து மரங்கள் நிற்கின்றன. சுவிஸ் தேசிய கீதத்துக்கு 1841இல் இசையமைத்த அல்பெரிக் ட்ஸ்வீஸிக் பிறந்த ஊரும் இதுதான்.

அங்கிருந்து பாதை தண்ணீரை ஒட்டியே போகும், சில இடங்களில் பாறையைக் குடைந்த வழிக்குள் நுழைந்து வெளியே வரும். முக்கால் மணி நேரத்தில் இஸ்லெட்டன். இங்கே 1873இல் அல்ஃப்ரட் நோபல் டைனமைட் தொழிற்சாலை வைத்தார். கொத்தார்ட் மலையை உடைத்து ரயில் பாதை போட்ட காலம் அது. இஸ்லெட்டனிலும் துறை உண்டு, பஸ்ஸும் உண்டு, ஆகவே உங்கள் அப்பா இங்கேயே நடையை முடித்துக்கொள்ளலாம். மற்றவர்கள் ஸேடோர்ஃப் வரை போங்கள். அங்கே அகழி சூழ்ந்த ஒரு சின்னக் கோட்டை இருக்கிறது. அதைத் தாண்டினால் ரொய்ஸ் ஆறு ஏரியில் சேரும் முகத்துவாரம், நாணலும் பறவைகளுமாக. கரைக்கு அப்பால் சில சின்னத் தீவுகள் தெரியும், அவை இயற்கையாக வந்தவை அல்ல. 2016இல் திறந்த 57 கிலோமீட்டர் கொத்தார்ட் அடிவாரச் சுரங்கத்தைக் குடைந்தபோது வந்த கல்லையும் கொட்டி அவற்றை உருவாக்கினார்கள். சிலவற்றைக் குளிப்பதற்கு விட்டார்கள், சிலவற்றைப் பறவைகளுக்கு என்றே ஒதுக்கினார்கள். ஆகஸ்டில் தண்ணீர் இறங்கக்கூடிய குளிர்தான், மாற்றுத்துணி கொண்டு போங்கள்.

ஃப்ளுயேலனில் துறையும் ரயில் நிலையமும் அடுத்தடுத்து இருக்கின்றன. லூசேர்னுக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். களைப்பில்லை என்றால் கப்பலிலேயே திரும்புங்கள், சாயங்கால வெயிலில் அதே மலைகள் வேறு மாதிரி இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. தெற்கு மலைகளிலிருந்து இறங்கும் வெப்பக் காற்றை இங்கே ‘ஃபோன்’ என்பார்கள். அது பலமாக அடிக்கும் நாளில் ஊரி ஏரியில் கடல் மாதிரி அலை எழும், சில துறைகளில் கப்பல் நிற்காமலும் போகும். சுவிஸ் பழங்கதை வீரன் வில்லியம் டெல், தன்னைப் பிடித்துப் போன ஆளுநரின் படகிலிருந்து பாறைக்குத் தாவித் தப்பியதாகச் சொல்லும் புயல் இதே ஏரியில்தான். எதிர்க்கரையில் அந்த இடத்தில் ஒரு சிற்றாலயம் இருக்கிறது, கப்பலில் இருந்தே தெரியும்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று பீல் ஏரியில் இருக்கும் புனித பீட்டர் தீவு. 1765இல், தான் குடியிருந்த ஊரின் ஆட்கள் வீட்டின் மேல் கல்லெறிந்து விரட்டிய எழுத்தாளர் ரூஸோ இங்கே வந்து ஆறு வாரம் போலத் தங்கினார். தனியாகப் படகை நடு ஏரிக்கு ஓட்டிப் போய், அதில் மல்லாந்து படுத்து, தண்ணீர் தள்ளும் பக்கம் போக விட்டுவிடுவாராம். மற்ற நேரம் செடி கொடி பார்த்துக்கொண்டு தீவைச் சுற்றி நடப்பார். வாழ்க்கையில் மிக மகிழ்ச்சியாக இருந்த காலம் என்று அவரே எழுதினார். பெர்ன் அரசு அங்கிருந்தும் அவரைப் போகச் சொன்னது. துரத்தப்பட்ட ஒருவருக்கு அப்படி ஆறு வாரம் கிடைத்தது என்பதை நினைத்துக்கொண்டு அந்த மரங்களுக்குக் கீழே நடப்பது எனக்கு ஒவ்வொரு தடவையும் மனசைத் தொடும். அவர் தங்கிய அறையை இன்றும் பார்க்கலாம், கட்டிடம் இப்போது விடுதி. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளத்தைத் தடுக்க ஆறுகளைத் திருப்பியபோது ஏரி மட்டம் சுமார் இரண்டு மீட்டர் இறங்கியது. அப்போது தண்ணீருக்குள் இருந்த ஒரு நீண்ட திட்டு வெளியே வந்து, தீவு கரையோடு ஒட்டிக்கொண்டது. அதனால் பீலிலிருந்து கப்பலில் போய், எர்லாக் ஊர் வரை நாணலுக்கு நடுவே ஐந்து கிலோமீட்டர் தட்டையான பாதையில் நடந்து வெளியேறலாம். முழங்கால் வலிக்காரருக்கு நடையை மட்டும் பார்த்தால் இதுவே முதல் தெரிவு.

இன்டர்லாக்கனில் தங்கினால் பிரியென்ஸ் ஏரியில் கீஸ்பாக் அருவிக்குக் கப்பலில் போங்கள். துறையிலிருந்து 1879இல் போட்ட கயிற்று ரயில் மேலே கொண்டுபோய் விடும். அருவிக்குப் பின்னால் புகுந்தும் நடக்கலாம். அங்கிருந்து இசெல்ட்வால்டுக்குக் காட்டுப் பாதையில் ஒன்றரை மணி நேரம். ஒரு கொரியத் தொடரில் வந்ததால் இசெல்ட்வால்டின் சின்ன மரத்துறையில் நின்று படமெடுக்க இப்போது 5 ஃபிராங்க் வாங்குகிறார்கள். அதில் நேரம் போக்காதீர்கள், இரண்டு நிமிடம் தள்ளிப் போனால் அதே ஏரி.

சில நடைமுறை விஷயங்கள். நடைபாதை மஞ்சள் பலகைகளில் கிலோமீட்டர் இருக்காது, நேரம்தான் இருக்கும். மணிக்கு 4.2 கிலோமீட்டர் நடப்பவருக்கான கணக்கு அது, நிற்கும் நேரம் அதில் சேராது. அப்பா அம்மாவுடன் போகும்போது நான் ஒன்றரை மடங்காக எடுத்துக்கொள்வேன். மஞ்சள் குறி மட்டும் உள்ள பாதையில் போங்கள். வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு மலைப்பாதை, அது உங்களுக்கு வேண்டாம். சுவிஸ் டிராவல் பாஸ் (வெளிநாட்டுப் பயணிகளுக்கான போக்குவரத்துச் சீட்டு) இருந்தால் இந்த ஏரிகளின் வழக்கமான கப்பல்களுக்குத் தனிச் சீட்டு எடுக்கத் தேவையில்லை. நீராவிக் கப்பல்களில் மேல் தளம் முதல் வகுப்பு. அம்மாவுக்காக ஒரு தடவை கூடுதல் பணம் கட்டி அங்கே உட்காருங்கள், காசுக்குத் தகும்.

கடைசிக் கப்பல் எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செப்டம்பர் கடைசியில் கோடை அட்டவணை முடிந்ததைக் கவனிக்காமல் பௌவன் துறையில் நாங்கள் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். கப்பல் வரவில்லை. இருட்டுவதற்குள் பஸ் கிடைத்தது, ஆனால் குளிரில் அம்மா நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

சாப்பாட்டுக்குப் புளிச்சோறோ இடியப்பமோ கட்டிக்கொண்டு போங்கள், கரையெல்லாம் வாங்கு (பெஞ்சு) போட்டிருக்கிறது. ஊர்க் குழாய்த் தண்ணீரைப் பயமில்லாமல் குடிக்கலாம், குடிக்கக் கூடாது என்றால் எழுதி வைத்திருப்பார்கள். ஆகஸ்ட் 1 தேசிய தினம், அன்று மட்டும் ஊரி ஏரிப் பக்கம் போகாதீர்கள், கப்பலில் நிற்க இடமிருக்காது. சூரிக்கில் தங்குவதாக இருந்தால் அன்று வாலன் ஏரிக்குப் போகலாம். முர்க் துறையிலிருந்து கொஞ்ச நேரக் கப்பல் பயணத்தில் குவின்டன். அந்த ஊருக்குக் கார் பாதை கிடையாது, கப்பலில் அல்லது நடந்துதான் போக முடியும். தெற்கு நோக்கிய கரை என்பதால் அத்தியும் திராட்சையும் காய்க்கும்.