மரத்தை வெட்டினால் நிபா வராதா?

கேள்வி: கம்பத்தில் வசிக்கிறோம். அம்மா தினமும் கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வருகிறார். கேரளத்தில் நிபா என்ற செய்தி வந்ததிலிருந்து, கறிக்கோழி ஆகாது, வௌவால் தொங்கும் மரத்தை வெட்ட வேண்டும், கபசுரக் குடிநீர் குடித்தால் நோய் அண்டாது என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது. எதை நம்புவது?

மருத்துவர் பதில்: கோழியைப் பற்றிய வதந்தி 2018-இல் கோழிக்கோட்டில் நிபா பரவியபோதே சுற்றியதுதான். அந்தப் பரவலுக்கும் கோழிக்கும் தொடர்பில்லை.

வௌவால் விஷயம் பாதி உண்மை. பெரிய பழந்தின்னி வௌவால்களே இக்கிருமியின் இயற்கை இருப்பிடம். 2018-இல் முதலில் நோயுற்ற குடும்பத்தின் கிணற்றில் பிடிபட்ட, பூச்சி தின்னும் சிறு வௌவால்களில் கிருமி இல்லை, பின்னர் சோதித்த பழந்தின்னிகளில்தான் இருந்தது. அதற்காக மரத்தை வெட்டினால் அவை கலைந்து வேறு தோப்புகளுக்குச் செல்லும் என்பதோடு, மிரண்ட நிலையில் அவற்றின் எச்சிலிலும் சிறுநீரிலும் கிருமி கூடுதலாக வெளிப்படவும் வாய்ப்புண்டு. கடைப் பழத்தைக் கழுவித் தோலுரித்துத் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அணில் கடித்த கொய்யாதான் ருசி என்று கீழே கிடப்பதை எடுத்துத் தின்னும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கடித்தது அணிலா வௌவாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

எல்லோரும் மரத்தையே அண்ணாந்து பார்க்கிறார்கள். நான் அஞ்சுவது நோயாளியின் கட்டிலருகை. 2018-இல் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு நோயாளிகளுக்கு அருகே இருந்தபோதுதான், அதுவும் மருத்துவமனைகளிலேயே, தொற்று ஏற்பட்டது. பேராம்பிராவில் பணிவிடை செய்த செவிலியர் லினி உயிரிழந்ததும் அப்படித்தான். நோயாளியின் எச்சில், இருமல் துளி, வாந்தி, சிறுநீர் ஆகியவற்றோடு நெருங்கிப் புழங்குவோருக்கே இது தொற்றுகிறது. ஊர்விட்டு ஊர் காற்றில் பறந்து வருவதில்லை. எனவே காய்ச்சலோடு வருபவரை நெருக்கியடித்து ஜீப்பில் ஏற்றிச் செல்ல வேண்டாம் என்று உடன் செல்வோர் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

நிபா பெரும்பாலும் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில்தான் தலைகாட்டியிருக்கிறது. அம்மா செல்வது இடுக்கிப் பக்கம். ஆகவே அவர் வேலையை நிறுத்த வேண்டியதில்லை. கபசுரக் குடிநீர் நிபாவைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. குடித்தாகிவிட்டதே என்ற தைரியத்தில் இரண்டு நாள் காய்ச்சலை வீட்டிலேயே வைத்திருப்பதுதான் ஆபத்து, ஏனெனில் நோய் கண்டவர்களில் 40 முதல் 75 விழுக்காட்டினர் வரை இறக்கக்கூடிய நோய் இது. காய்ச்சலுடன் கடும் தலைவலி, மூச்சுத்திணறல், மனக்குழப்பம் ஏதேனும் தோன்றினால் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். செக்போஸ்ட்டில் நிறுத்திவிடுவார்கள், கூலி போய்விடும் என்று பலர் மறைக்கிறார்கள். எந்தத் தோட்டம், கடைசியாகச் சென்ற நாள், அங்கே யாருக்குக் காய்ச்சல் என்பதையெல்லாம் மருத்துவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.