வயித்துக்குள்ள எதிரொலி: ஸ்கேன் பத்தி நீங்க கேட்டது

ஸ்கேன் பத்தி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். நிறைய கடிதம் வந்திருக்கு, அதுல பலருக்கும் பொதுவா இருந்த கேள்விகளை எடுத்திருக்கேன். தனிப்பட்ட ரிப்போர்ட்டை அனுப்பி கேட்டவங்க தயவு செஞ்சு உங்க டாக்டர்கிட்டயே காமிங்க, நேர்ல பாக்காம நான் சொல்றது சரியா இருக்காது.

கே: அடிவயித்து ஸ்கேனுக்கு போனப்போ நாலஞ்சு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு யூரினை அடக்கி வெச்சுக்கோங்கன்னு சொன்னாங்க. அதே சென்டர்ல என் தங்கச்சியை பித்தப்பை பாக்கணும், வெறும் வயித்தோட வாங்கன்னு சொன்னாங்க. ஏன் டாக்டர் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க? (வாசகி, ஈரோடு)

ப: ரெண்டுக்குமே முக்கியமான காரணம் காத்துதான்மா. முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், இந்த மெஷின் போட்டோ எடுக்கறதில்ல, சத்தத்தை அனுப்பிட்டு அது எப்போ திரும்பி வருதுன்னு கேட்டுட்டு இருக்கு, அவ்வளவுதான். கிணத்தை எட்டிப் பாத்து கூப்பிட்டா குரல் திரும்பி வரும்ல, தண்ணி ஆழத்துல கிடந்தா கொஞ்சம் லேட்டா வரும், அதே கணக்குதான் இங்கயும். நம்ம காதுக்கு 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கேக்கும், வயித்து ஸ்கேனுக்கு அனுப்பற சத்தம் 2ல இருந்து 5 மெகாஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 20 லட்சத்துல இருந்து 50 லட்சம் அதிர்வு, அதனால அந்த ரூம்ல இருக்கற யாருக்குமே அது கேக்காது.

வயித்து மேல வெச்சு நகத்தறாங்களே அந்த புரோபுக்குள்ள பீசோ எலக்ட்ரிக்னு ஒரு வகைப் பொருள் சின்னச் சின்னதா வரிசையா பதிச்சிருக்கும். கரண்ட் குடுத்தா அது அதிரும், வெளியில இருந்து அதிர்வு வந்து மோதினா அதுவே கரண்ட் குடுக்கும், அதனால அனுப்பறதும் அதுதான் வாங்கறதும் அதுதான். சுமார் ஒரு மைக்ரோசெகண்ட் நேரத்துக்கு ஒரு துடிப்பை அனுப்பிட்டு மிச்ச நேரம் பூராவும் சும்மா கேட்டுட்டே இருக்கும். உடம்புக்குள்ள சத்தம் செகண்டுக்கு 1540 மீட்டர் வேகத்துல போகும்னு மெஷின் கணக்கு வெச்சிருக்கு, அதுபடி 1 செ.மீ. ஆழத்துக்கு போய் வர 13 மைக்ரோசெகண்ட், 10 செ.மீ.னா 130. எவ்வளவு லேட்டா வந்துச்சோ அவ்வளவு ஆழத்துல ஒரு புள்ளி, எவ்வளவு பலமா வந்துச்சோ அவ்வளவு வெள்ளையா ஒரு புள்ளி. இப்படியே பக்கத்துல பக்கத்துல கோடு கோடா வரைஞ்சு, மொத்தப் படத்தையும் செகண்டுக்கு இருபது முப்பது தடவை புதுசா போடறதாலதான் நமக்கு அது அசையற மாதிரி தெரியுது.

சரி, எதிரொலி எங்க இருந்து வருது? ஒரு பொருள் முடிஞ்சு இன்னொண்ணு ஆரம்பிக்கற எல்லையில இருந்துதான். ஈரலுக்கும் கிட்னிக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, அதனால அந்த எல்லையில 1 சதவீதத்துக்கும் கம்மியா திரும்பும், மீதி எல்லாம் உள்ள போயிடும், அதுதான் நமக்கு வேணும். ஆனா சதைக்கும் காத்துக்கும் நடுவுல 99.9 சதவீதம் அங்கேயே திரும்பிடும், அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு ஒண்ணுமே தெரியாது. அடிவயித்துல கர்ப்பப்பைக்கும் சினைப்பைக்கும் முன்னாடி குடல் கிடக்கு, குடல்ல கேஸ் இருக்கு. யூரின் பை நல்லா ரொம்பினா குடலை மேல தள்ளி விட்டுடும், தண்ணி வழியா சத்தம் தடையில்லாம போகும், பின்னாடி இருக்கற கர்ப்பப்பை பளிச்சுன்னு தெரியும். உங்க தங்கச்சிக்கு வேற விஷயமும் இருக்கு, சாப்பிட்ட உடனே பித்தப்பை சுருங்கி பித்தத்தை வெளிய தள்ளிடும், சுருங்கின பைக்குள்ள சின்ன கல்லு இருந்தா கண்டுபிடிக்க கஷ்டம், கூடவே வயித்துல கேஸும் சேரும். அதனாலதான் ஆறு மணி நேரமாவது வெறும் வயிறு. காலையில ஒரு வாய் காபிதானே குடிச்சேன்னு சொல்றவங்களை திருப்பி அனுப்பறப்போ கோவப்படறாங்க, பாலோட இருக்கற கொழுப்பே பித்தப்பையை சுருக்க போதும், அதான் காரணம்.

டிவிஎஸ்னு சொல்ற உள்வழி ஸ்கேன்னா, அதாவது பிறப்புறுப்பு வழியா புரோபை வெச்சு பாக்கறதுன்னா, நேர் எதிர், யூரின் போயிட்டுதான் வரணும். அங்க புரோப் உறுப்புக்கு ரொம்ப பக்கத்துல போயிடுது, தண்ணியோட உதவி தேவையில்ல, இன்னும் அதிக ஃப்ரீக்வென்சியும் பயன்படுத்தலாம். ஃப்ரீக்வென்சி கூடினா படம் கூர்மையா வரும், 3.5 மெகாஹெர்ட்ஸ்ல அலையோட நீளம் 0.44 மி.மீ., 10 மெகாஹெர்ட்ஸ்ல 0.15 மி.மீ. ஆனா சத்தம் சீக்கிரம் அடங்கிடும், 10 மெகாஹெர்ட்ஸ்ல 3 செ.மீ. ஆழம் போய் திரும்பறதுக்குள்ள சுமாரா ஆயிரத்துல ஒரு பங்குதான் மிஞ்சும். தோலுக்குக் கீழயே இருக்கற தைராய்டுக்கு ஒரு புரோபும் வயித்துக்கு வேற புரோபும் மாத்தறது இதுக்குத்தான்.

கே: சில்லுன்னு ஒரு ஜெல் தடவறாங்களே, அதுல மருந்து ஏதாச்சும் இருக்கா? (வாசகர், திருநெல்வேலி)

ப: மருந்தே இல்லைங்க, பெரும்பாலும் தண்ணிதான், கூட கெட்டியாக்கற பொருள். புரோபுக்கும் தோலுக்கும் நடுவுல மெல்லிசா காத்து நின்னாலும் மேல சொன்ன 99.9 சதவீதம் அங்கேயே திரும்பிடும், அந்த இடைவெளியை அடைக்கத்தான் ஜெல். துடைச்சா போயிடும்.

கே: எனக்கு இது அஞ்சாவது மாசம், இதுவரைக்கும் மூணு ஸ்கேன் ஆயிடுச்சு. ரேடியேஷன் குழந்தைக்கு ஆகாதுன்னு மாமியார் பயப்படறாங்க. (வாசகி, சேலம்)

ப: உங்க மாமியார் பயப்படறது பாசத்துலதான், அவங்களுக்கு இதை வாசிச்சு காட்டுங்க. எக்ஸ்ரேயும் சிடியும் கதிர்வீச்சு, அல்ட்ராசவுண்ட் வெறும் அதிர்வு, செல்லுக்குள்ள இருக்கற டிஎன்ஏவை உடைக்கற வகை சக்தி அதுல கிடையாது. பல பத்து வருஷமா உலகம் பூரா கர்ப்பிணிகளுக்கு எடுத்துட்டு இருக்காங்க, முறையா எடுத்த சாதாரண ஸ்கேனால குழந்தைக்கு கெடுதல்னு இதுவரைக்கும் நிரூபணம் ஆகல.

அதுக்காக விளைவே இல்லைன்னு சொல்ல மாட்டேன். சத்தத்தோட சக்தி சதையில வெப்பமா மாறும், ரொம்ப பலமா இருந்தா நுண்ணிய காத்துக் குமிழியும் உண்டாகலாம். இதுக்குத்தான் ஸ்கிரீன் ஓரத்துல டி.ஐ., எம்.ஐ.னு ரெண்டு நம்பர் ஓடிட்டே இருக்கும், முதல் நம்பர் வெப்பத்துக்கு, ரெண்டாவது குமிழிக்கு, எம்.ஐ. 1.9ஐ தாண்டக் கூடாதுன்னு மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி குடுக்கற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ வரம்பு வெச்சிருக்கு, கர்ப்ப ஸ்கேன்ல நாங்க அதை விட ரொம்ப கீழயே வெச்சுக்குவோம். முதல் மூணு மாசத்துல தேவையில்லாம டாப்ளரை, அதாவது ரத்த ஓட்டத்தை பாக்கற முறையை, போட மாட்டோம், ஏன்னா அதுல ஒரே இடத்துல சக்தி குவியும், இதயத் துடிப்பை எண்ணறதுக்கு எம்-மோடுன்னு வேற வழி இருக்கு. 11லேர்ந்து 14 வாரத்துக்குள்ள குழந்தையோட பின்கழுத்துல இருக்கற நீரோட அளவைப் பாக்கற என்டி ஸ்கேன், 18லேர்ந்து 22 வாரத்துக்குள்ள உறுப்பு உறுப்பா பாக்கற அனாமலி ஸ்கேன், இது ரெண்டையும் தள்ளிப் போடாதீங்கம்மா. முகம் பாக்கணும்னு ஆசைக்காக மட்டும் திரும்பத் திரும்ப எடுக்கறது எனக்கு சம்மதம் இல்ல.

கே: இடுப்புல இருந்து தொடை வரைக்கும் உயிர் போற வலி. அல்ட்ராசவுண்ட்ல கல்லு தெரியலன்னாங்க, மறுநாள் வேற இடத்துல சிடி எடுத்தா 5 மி.மீ. கல்லு இருக்கு. முதல்ல பாத்தவங்க சரியா பாக்கலையா? (வாசகர், மதுரை)

ப: அப்படி சொல்லிட முடியாதுங்க. கிட்னிக்குள்ள இருக்கற கல்லும் யூரின் பை கிட்ட வந்து நிக்கற கல்லும் அல்ட்ராசவுண்ட்ல ஓரளவு நல்லாவே தெரியும். நடுவுல அந்த நீளமான யூரின் குழாய் இருக்கே, அதுக்கு முன்னாடி பூரா குடல், குடல் பூரா கேஸ், அங்க சிக்கின கல்லை எவ்வளவு அனுபவம் இருந்தாலும் பாக்கறது கஷ்டம். அந்த மாதிரி நேரத்துல கிட்னி வீங்கியிருக்கான்னு பாத்து, கீழ எங்கயோ அடைப்பு இருக்குன்னு சொல்லுவோம். உங்க ரிப்போர்ட்ல ஹைட்ரோநெஃப்ரோசிஸ்னு ஒரு வார்த்தை இருக்கா பாருங்க, இருந்தா அதோட அர்த்தம் இதுதான். சிடிக்கு காத்து ஒரு தடையே இல்ல, அதனால பிடிச்சிடுச்சு.

பித்தப்பைக் கல்லுல கதை வேற. பித்தம் தண்ணி மாதிரி இருக்கறதால கருப்பா தெரியும், அதுல கல்லு பளீர்னு வெள்ளையா நிக்கும், கல்லைத் தாண்டி சத்தம் போகாததால அதுக்குக் கீழ நேர்க்கோடா ஒரு கருப்பு நிழல் விழும். அப்போதான் இடது பக்கமா ஒருக்களிச்சு படுங்கன்னு சொல்லுவோம், படுத்த உடனே கல்லு உருண்டு பையோட இன்னொரு ஓரத்துக்கு போகும், நிழலும் கூடவே போகும். சுவத்துல ஒட்டின சதை வளர்ச்சியா இருந்தா எப்படி திரும்பினாலும் அதே இடத்துல இருக்கும், நிழலும் விழாது. மூச்சை இழுத்துப் பிடிங்கன்னு சொல்றதும் ஒரு காரணத்தோடதான், ஈரல் விலா எலும்புக்குக் கீழ இறங்கி வரும். நீங்க ஒழுங்கா மூச்சை பிடிச்சா பாதி ஸ்கேன் நல்லா வந்த மாதிரி.

கே: இதை முதல்ல யார் டாக்டர் கண்டுபிடிச்சது? (கல்லூரி மாணவர், கோவை)

ப: ஒரே ஆளை காட்ட முடியாது தம்பி. பீசோ எலக்ட்ரிக் தன்மையை 1880ல பியர் கியூரியும் அவரோட அண்ணன் ஜாக்கும் கண்டுபிடிச்சாங்க. முதல் உலகப் போர்ல நீர்மூழ்கிக் கப்பலை கண்டுபிடிக்க பிரான்ஸ் இயற்பியல்காரர் பால் லாஞ்செவின் அதை தண்ணிக்குள்ள பயன்படுத்தினாரு. அப்புறம் கப்பல் தகட்டுலயும் பாய்லர்லயும் விரிசல் இருக்கான்னு பாக்கற கருவி வந்துச்சு, மருத்துவத்துக்கு வந்தது அங்கிருந்துதான். ஸ்வீடன்ல லுண்ட் ஊர்ல இங்கே எட்லர்ங்கற டாக்டரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ்ங்கற இயற்பியல்காரரும் அந்த மாதிரி கருவியை கடன் வாங்கி 1953ல இதயத்தோட அசைவை பதிவு செஞ்சாங்க, இன்னைக்கு நாம எக்கோன்னு சொல்றோமே அதோட ஆரம்பம். செகண்டுக்கு இத்தனை அதிர்வுன்னு சொல்ற ஹெர்ட்ஸ் அளவு ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் பேர்ல இருக்குல்ல, இவரு அதே குடும்பம்.

எனக்கு ரொம்ப பிடிச்சது ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ ஊரோட மகப்பேறு டாக்டர் இயன் டொனால்டு கதை. 1955ல அறுவை சிகிச்சையில எடுத்த கட்டிகளை கார்ல போட்டு எடுத்துட்டு பக்கத்துல பாய்லர் செய்யற ஃபாக்டரிக்கு போயிட்டாரு, அங்க விரிசல் பாக்கற கருவியை அது மேல வெச்சுப் பாத்தா தண்ணிக் கட்டிக்கும் சதைக் கட்டிக்கும் எதிரொலி வேற வேறயா வருது. அப்புறம் டாம் பிரவுன்ங்கற இளம் என்ஜினியரும் ஜான் மெக்விகர்ங்கற டாக்டரும் சேர்ந்துக்கிட்டாங்க. வயித்துல ஆபரேஷன் பண்ண முடியாத கேன்சர்னு கைவிட்ட ஒரு அம்மாவுக்கு இவங்க பாத்தப்போ அது பெரிய சினைப்பை நீர்க்கட்டி, எடுத்துட்டாங்க, அந்த அம்மா பிழைச்சுட்டாங்க. 1958ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல அவங்க கட்டுரை வந்ததுக்கு அப்புறம்தான் டாக்டர்கள் இதை பெருசா எடுத்துக்க ஆரம்பிச்சாங்க.

கே: ஸ்கேன்ல குழந்தையோட இதயம் குதிரை ஓடற மாதிரி கேட்டுச்சு. அது நிஜமாவே குழந்தையோட இதயச் சத்தம்தானா? (வாசகி, தஞ்சாவூர்)

ப: துடிப்பு நிஜம்மா, ஆனா சத்தம் மெஷின் போடறது. ஓடற ரத்தத்து மேல பட்டு திரும்பற அலையோட ஃப்ரீக்வென்சி கொஞ்சம் மாறும், இதைத்தான் 1842ல கிறிஸ்டியன் டாப்ளர் சொன்னாரு. 3 மெகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பறோம், ரத்தம் செகண்டுக்கு 50 செ.மீ. வேகத்துல 60 டிகிரி சாய்வுல ஓடுதுன்னு வெச்சுக்கோங்க, வித்தியாசம் கணக்கு போட்டா சுமார் 970 ஹெர்ட்ஸ். அது நம்ம காதுக்கு கேக்கற அளவுலயே விழறதால மெஷின் அந்த வித்தியாசத்தை அப்படியே ஸ்பீக்கருக்கு அனுப்பிடுது. நிமிஷத்துக்கு 110லேர்ந்து 160 வரைக்கும் இருந்தா சரியான துடிப்பு, பெரியவங்களை விட ரொம்ப வேகம்ங்கறதால குதிரை ஞாபகம் வருது.

கே: கர்ப்ப ஸ்கேனுக்கு போனா அடையாள அட்டை, கையெழுத்துன்னு எவ்வளவு ஃபார்ம்? (வாசகர், தருமபுரி)

ப: அது ஃபார்ம் எஃப், 1994ல வந்த சட்டப்படி கட்டாயம். குழந்தை ஆணா பொண்ணான்னு தெரிஞ்சுக்க விரும்பலன்னு கர்ப்பிணி கையெழுத்து போடணும், சொல்லலன்னு டாக்டரும் போடணும், ஒவ்வொரு மெஷினும் பதிவு பண்ணியிருக்கணும். மீறினா ஜெயில். பொண்ணுன்னு தெரிஞ்ச உடனே கலைக்கறதுக்கு இதே கருவி பயன்பட்டதாலதான் இந்த சட்டம் வந்துச்சு, அஞ்சு நிமிஷம் ஃபார்ம் எழுதறதுல தயவு செஞ்சு சலிச்சுக்காதீங்க.

கே: முட்டி வலிக்கு பிசியோதெரபியில அல்ட்ராசவுண்ட் வெச்சாங்க, படமே வரல. அப்பாவுக்கு கண்புரை எடுத்தது லேசர்னு நினைச்சோம், அதுவும் அல்ட்ராசவுண்ட்னு சொல்றாங்க. ஒரே மெஷினா? (வாசகி, புதுச்சேரி)

ப: மெஷின் வேற வேற, இயற்பியல் ஒண்ணு. பிசியோதெரபியில 1 அல்லது 3 மெகாஹெர்ட்ஸ்ல பலமா தொடர்ந்து அனுப்புவாங்க, சதை சூடாகும், படத்துக்கு வேலையில்ல. முட்டி வலிக்கு அது எவ்வளவு உதவும்ங்கறதுக்கு சான்று அவ்வளவு பலமா இல்ல, கூட சொல்லிக் குடுக்கற பயிற்சியை விடாம செய்யுங்க, அதுதான் அதிகம் உதவும். இதே சத்தத்தை லென்ஸால ஒரே புள்ளியில குவிச்சா சில செகண்ட்ல 60 டிகிரிக்கு மேல சூடாகி அந்த இடத்துல சதை கருகும். கர்ப்பப்பை நார்க்கட்டிக்கு இதை செய்யறாங்க, கை நடுக்க நோய்க்கு புரோபுக்குள்ள இருக்கற மாதிரியே 1,024 அதிர்வுத் துண்டு பதிச்ச தொப்பி மாதிரி கருவியை வெச்சு மண்டை ஓட்டைத் திறக்காமலே மூளைக்குள்ள செய்யறதுக்கு அமெரிக்காவுல 2016ல அனுமதி குடுத்தாங்க.

அப்பாவுக்கு செஞ்சது பாக்கோவா இருக்கும். சார்லஸ் கெல்மன்ங்கற நியூயார்க் கண் டாக்டர் பல் டாக்டர்கிட்ட போயிருந்தப்போ கறை எடுக்கற அதிர்வுக் கருவியைப் பாத்து யோசிச்சது, 1967ல கண்ணுல செஞ்சு காட்டினாரு. ஊசி முனை செகண்டுக்கு சுமார் 40,000 தடவை அதிர்ந்து மங்கின லென்ஸை தூளாக்கும், அதே ஊசி வழியா உறிஞ்சி எடுத்துடுவாங்க, 3 மி.மீ.க்கும் கம்மியான கீறல் போதும், பெரும்பாலும் தையலே போட மாட்டாங்க. லேசரை வெச்சு செய்யறதும் தனியா இருக்கு, அதுல கீறலையும் லென்ஸை பிளக்கறதையும் லேசர் செய்யும், ஆனா பிளந்த துண்டை வெளிய எடுக்கறப்போ பெரும்பாலும் பாக்கோ கருவியைத்தான் திரும்ப கையில எடுப்பாங்க.