ஏழு சுற்று அருங்காட்சியகம்: சுவரைக் குறையுங்கள்

நீங்கள் இங்கே போட்ட அருங்காட்சியக வரைபடத்தைப் பார்த்தேன். 24 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் சுற்றிச் சுற்றிப் போகும் ஏழு சுற்றுப் பாதை, நடுவில் 3 மீட்டர் ஆரத்தில் முற்றம் என்று போட்டிருக்கிறீர்கள். 'ஆள் தொலைந்துபோவான்' என்று அதை மதிப்பிட்ட தேர்வாளர்கள் சொன்னார்களாம். அது சரியில்லை. உங்கள் வரைபடத்தில் கிளையே இல்லை, ஒரே வழிதான். தொலைய முடியாது, மாட்டிக்கொள்ளத்தான் முடியும்.

கணக்கைப் பாருங்கள். வட்டத்தின் ஆரம் 12 மீட்டர், முற்றம் போக மிச்சம் 9 மீட்டர். ஏழால் வகுத்தால் சுற்றுக்கு சுமார் 1.29 மீட்டர். அதில் 23 சென்டிமீட்டர் செங்கல் சுவர் போனால் நடக்க 1.06. சக்கர நாற்காலி திரும்பவே 1.5 மீட்டர் வேண்டுமே! நான்கு சுற்றாக்கினால் 2 மீட்டர் கிடைக்கும், நடை அப்போதும் 190 மீட்டர் வரும்.

பிரான்சின் சார்த்ர் பேராலயத்தில் இதேபோல ஒரு சுற்றுப்பாதை உண்டு: 13 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த விட்டமுள்ள வட்டத்தில் 11 சுற்று, ஏறக்குறைய 260 மீட்டர் நடை. அங்கே சுவரே கிடையாது, தரையில் பதித்த கல்தான். உள் இரண்டு சுற்றையாவது நீங்களும் தரைக்கோடாகவோ முழங்கால் உயரத் திண்ணையாகவோ மாற்றலாம்.

அப்புறம், முற்றத்திலிருந்து நேரே வெளியேற ஒரு வெட்டுவழி கட்டாயம். தீப்பிடித்தால் யார் நான்கு சுற்று ஓடுவது?

வளைந்த சுவரில் படம் மாட்டுவதும் தலைவலி. நியூயார்க்கின் வளைந்த சுவர் கொண்ட குகன்ஹைம் அருங்காட்சியகம் 1959-இல் திறக்கும் முன்பே இதற்காக ஓவியர்கள் எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். வெளிச் சுற்றில் மட்டும் நேர்ச்சுவர்த் துண்டுகள் வைத்துப் பாருங்கள். மாற்றிய வரைபடத்தை இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன்.