செல்ஃப் கிளீன் பொத்தானை அழுத்துமுன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: விருந்தினர் வருவதற்கு முந்தைய நாள் மாலை, ஓவனைப் பளிச்சென்று வைக்கலாம் என்று எண்ணி முதன்முறையாக அதன் செல்ஃப் கிளீன் முறையை இயக்கினேன். சற்று நேரத்தில் சமையலறை முழுவதும் புகை சூழ்ந்தது. பயந்துபோய் நிறுத்தினேன், ஆனால் கதவு திறக்கவில்லை. ஆறிய பிறகு கதவு திறந்தது என்றாலும், இப்போது ஓவன் சூடாகவே மறுக்கிறது. விளக்கு எரிகிறது, திரையில் நேரமும் தெரிகிறது. என்ன நடந்திருக்கும்?

பதில்: விளக்கும் திரையும் இயங்கி, சூடு மட்டும் வரவில்லை என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது ஓவன் அளவுமீறிச் சூடாகாமல் காக்கும் பாதுகாப்புக் கருவியைத்தான். சில மாதிரிகளில் அது ஒருமுறை அறுந்தால் மாற்றியே ஆக வேண்டிய தெர்மல் ஃப்யூஸாக இருக்கும். வேறு சிலவற்றில் பழுதுபார்ப்பவர் மீண்டும் இயக்கிவிடக்கூடிய தெர்மோஸ்டாட்டாக இருக்கும். எப்படியிருந்தாலும் இது சிறிய பழுதுதான். ஆனால் அந்த ஃப்யூஸைத் தவிர்த்து நேரடியாகக் கம்பியை இணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அடுத்த முறை வெப்பம் எல்லை மீறும்போது அதைத் தடுக்க எதுவுமே இருக்காது.

இது ஏன் நேர்கிறது என்பதை அறிய, அந்தப் பொத்தான் உண்மையில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். சமையலுக்கு ஓவன் எட்டும் உச்ச வெப்பம் பெரும்பாலும் 250 முதல் 280 டிகிரி செல்சியஸ்தான். செல்ஃப் கிளீன் முறையிலோ உட்புறம் ஏறத்தாழ 450 முதல் 500 டிகிரி வரை சூடேறி, மாதிரியைப் பொறுத்துப் பெரும்பாலும் இரண்டு மணி நேரம் முதல் நான்கு மணி நேரம் வரை இந்தச் சுழற்சி நீடிக்கும். அந்த வெப்பத்தில் எண்ணெயும் சிந்திய உணவும் சிதைந்து, பெரும்பகுதி ஆவியாகவும் புகையாகவும் வெளியேற, எஞ்சியது வெளிர் சாம்பலாக ஓவனின் உட்தரையில் தங்கும். ஆறிய பின் ஈரத்துணியால் துடைத்தால் போதும். 1963-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் இத்தகைய ஓவனை விற்பனைக்குக் கொண்டுவந்த நாள்முதல் இன்றுவரை அடிப்படை முறை மாறவில்லை.

ஆகவே உங்கள் சமையலறையை நிறைத்த புகை ஓவனின் கோளாறு அன்று. தரையில் தேங்கியிருந்த எண்ணெய் எரிந்ததால் வந்தது. கறை எவ்வளவு அதிகமோ அவ்வளவு புகை. மிகவும் அழுக்கேறிய ஓவனுக்குத்தான் இந்தப் பொத்தான் தேவை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஓரளவு துடைத்து வைத்த ஓவனில்தான் இதைப் பாதுகாப்பாக இயக்க முடியும். தேங்கிய எண்ணெயையும் பெரிய துணுக்குகளையும் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். தட்டுகள், பாத்திரங்கள், அலுமினியத் தாள், வெப்பமானி எல்லாவற்றையும் வெளியே வைக்க வேண்டும். எரிவாயு அடுப்பும் ஓவனும் ஒன்றாக அமைந்த சாதனமானால் மேலே எந்தப் பாத்திரமும் இருக்கக் கூடாது. சன்னல்களைத் திறந்து, புகைபோக்கி விசிறியை முழுநேரமும் ஓடவிட வேண்டும். ஏனெனில் எரியும் கொழுப்பிலிருந்து கண்ணை எரிக்கும் அக்ரோலின் வாயுவும், மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடும் வெளிவரும். ஆஸ்துமா உள்ளவர்களும் சிறு குழந்தைகளும் அந்த நேரத்தில் வேறு அறையில் இருப்பது நல்லது. வெளிக்கதவும் தொட முடியாத அளவுக்குச் சூடாகலாம்.

கதவு திறக்காததைப் பழுது என்று எண்ண வேண்டாம். உள்வெப்பம் ஏறத்தாழ 300 டிகிரிக்குக் கீழே இறங்கும் வரை பல மாதிரிகளில் பூட்டு விடாது. பாதியில் நிறுத்தினாலும் ஆறும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். முழுவதும் ஆறிய பிறகும் திறக்காவிட்டால், மின்னிணைப்பைச் சில நிமிடங்கள் துண்டித்து மீண்டும் கொடுத்துப் பாருங்கள். கத்தியையோ திருப்புளியையோ நுழைத்து நெம்பினால் பூட்டோடு கதவின் கண்ணாடியும் போகும்.

இன்னொன்று: விருந்துக்கு முந்தைய நாள் இந்தப் பொத்தானை அழுத்துவதைவிட மோசமான நேரத்தேர்வு இல்லை. ஃப்யூஸோ, பூட்டோ, மேலே உள்ள மின்னணுப் பலகையோ பழுதாக வேண்டுமென்றால் அது இந்த வெப்பத்தில்தான் பழுதாகும். அப்போது மறுநாள் சமைக்க ஓவனே இருக்காது.

கேள்வி: எங்கள் வீட்டுச் சமையலறையை ஒட்டிய கூடத்தில் இரண்டு கிளிகள் வளர்க்கிறோம். செல்ஃப் கிளீன் நேரத்தில் கூண்டைத் துணியால் மூடி வைத்தால் போதுமா?

பதில்: போதவே போதாது. துணி வாயுவைத் தடுக்காது. கூண்டை வீட்டின் வேறொரு மூலைக்கு, கதவை மூடக்கூடிய, வெளிக்காற்று வரும் அறைக்கு மாற்றுங்கள். முடிந்தால் அன்று முழுவதும் வேறு வீட்டில் விட்டுவிடுங்கள். ஓவன் தயாரிப்பாளர்களின் கையேடுகளிலேயே பறவைகளைப் பற்றிய எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். நம்மில் பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் தொடர்ந்து ஓடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் நம்மைவிட அதிகமான ஆக்சிஜனை அது காற்றிலிருந்து பிரித்தெடுக்கிறது. பறப்பதற்கு உதவும் அதே அமைப்பு நச்சுவாயுவையும் விரைவாக உள்ளே கொண்டுசேர்க்கிறது. குறிப்பாக அஞ்ச வேண்டியது நான்-ஸ்டிக் பூச்சு. டெஃப்லான் என்று நாம் அறிந்த அந்தப் பொருளை 260 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூடாக்கக் கூடாது. அதற்கும் மேலே வெப்பம் ஏற ஏறச் சிதைந்து, நிறமற்ற நச்சுப்புகையை வெளிவிடும். மனிதருக்கு அதனால் குளிர்காய்ச்சல் போன்ற உபாதை ஒரு நாள் வந்து போகலாம். பறவையோ சில நிமிடங்களில் இறந்துவிடக்கூடும். ஆகவே செல்ஃப் கிளீனுக்கு முன் நான்-ஸ்டிக் தட்டு ஒன்றுகூட உள்ளே மறந்து விடப்படவில்லை என்று பாருங்கள். பறவை இல்லாத வீட்டுக்கும் இது பொருந்தும்.

கேள்வி: ஓவனுக்குள் தீப்பிடித்துவிட்டால் கதவைத் திறந்து தண்ணீர் ஊற்றலாமா?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். கதவைத் திறந்தால் புதுக்காற்று உள்ளே பாய்ந்து தீ வெளியே சீறும். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால் அடியில் இறங்கி, நொடியில் நீராவியாகி ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயை நாலாபுறமும் தெறிக்கவைக்கும். மின்சாதனம் என்பது தனி ஆபத்து.

செய்ய வேண்டியது எளிது: கதவை மூடியே வைத்துவிட்டு, சுவிட்சையோ எரிவாயுவையோ நிறுத்திவிட்டு விலகி நில்லுங்கள். உள்ளிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்ததும் சிறிய தீ தானாகவே அடங்கும். அடங்காமல் தீ கதவின் ஓரங்களில் வெளிவந்தாலோ, புகை பெருகிக்கொண்டே போனாலோ, எல்லோரையும் வெளியேற்றிவிட்டுத் தீயணைப்புத் துறையை அழையுங்கள். அடங்கிய பிறகும் நன்றாக ஆறும் வரை கதவைத் திறக்கும் அவசரம் வேண்டாம். செல்ஃப் கிளீன் நேரத்தில் தீப்பிடிப்பதற்கும் காரணம் ஒன்றுதான்: சமையல் எண்ணெய்கள் 400 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் நெருப்புப்பொறி இல்லாமலேயே பற்றிக்கொள்ளும், அந்த முறையோ அதைத் தாண்டிச் செல்கிறது. எனவே அது ஓடும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போவதும், இரவில் போட்டுவிட்டுத் தூங்குவதும் கூடாது.

கேள்வி: ஓவனுக்குள் பிளாஸ்டிக் டப்பா இருப்பதைப் பார்க்காமல் முன்சூடு செய்துவிட்டோம். உருகிக் கம்பித்தட்டிலும் தரையிலும் ஒட்டிக்கொண்டது. செல்ஃப் கிளீன் போட்டால் எரிந்து போய்விடும் அல்லவா?

பதில்: எரியும், அதோடு நச்சுப்புகையும் தீயும் சேர்ந்து வரும். அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஓவனை அணைத்து, சன்னல்களைத் திறந்து, பிளாஸ்டிக் முழுதும் ஆறி இறுகும்வரை காத்திருங்கள். பிறகு ஒரு பையில் பனிக்கட்டிகளை இட்டு அதன் மேல் சிறிது நேரம் வைத்தால் பிளாஸ்டிக் நொறுங்கும் பதத்துக்கு வரும். மரக்கரண்டியால் தட்டிப் பெயர்த்தெடுக்கலாம். எனாமல் பூச்சின் மேல் உலோகச் சுரண்டி வேண்டாம். சூடேற்றும் கம்பியில் ஒட்டியிருந்தால் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுவது நல்லது. ஓவனை அலமாரியாகப் பயன்படுத்தும் வீடுகளில் இது மறுபடியும் நடக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: தரை அழுக்காகாமலிருக்க அடியில் அலுமினியத் தாள் விரிக்கலாமா? கம்பித்தட்டுகளைச் செல்ஃப் கிளீன் நேரத்தில் உள்ளேயே விட்டால் என்ன?

பதில்: தாளை விரிக்காதீர்கள். காற்றோட்டத்தை மறைத்து அடிப்பகுதியை அளவுமீறிச் சூடாக்கும். எனாமலோடு ஒட்டிக்கொண்டால் பின்னர் பிரிக்கவே முடியாது. சிந்துவதைப் பிடிக்க வேண்டுமானால் கீழ்வரிசையில் ஒரு தட்டை வையுங்கள். கம்பித்தட்டுகள் உள்ளேயே இருந்தால் பளபளப்பு போய்க் கருத்து, இழுக்கும்போது முரண்டும். ஏற்கெனவே அப்படி ஆகியிருந்தால் ஓரங்களில் துளி சமையல் எண்ணெய் தடவுங்கள்.

கேள்வி: ஓவன் அணைந்திருந்த நேரத்தில் அதன் கண்ணாடிக் கதவு வெடித்துச் சிதறியது. யாரும் தொடவே இல்லை. இது எப்படிச் சாத்தியம்?

பதில்: கேட்பதற்கு நம்ப முடியாததாக இருந்தாலும் இது நடக்கக்கூடியதே. ஓவன் கதவில் இருப்பது வெப்பத்தால் கடினமாக்கப்பட்ட கண்ணாடி. அதை 600 டிகிரிக்கு மேல் சூடேற்றி, சட்டென்று குளிர்விக்கிறார்கள். அதனால் மேற்பரப்பு அழுந்திய நிலையிலும் உட்பகுதி இழுபட்ட நிலையிலும் நிரந்தரமாக உறைந்துவிடுகின்றன. இந்த இறுக்கம்தான் அதற்கு வலிமை தருகிறது. ஆனால் ஒரு கீறல் மேற்பரப்பைத் தாண்டி உள்ளே எட்டிவிட்டால், அடக்கிவைத்த விசை முழுவதும் ஒரே நொடியில் விடுபட்டு, கண்ணாடி சிறுசிறு துண்டுகளாக உதிர்ந்துவிடும். கீறல் விழுந்த நாளும் உடையும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. உலோகச் சுரண்டியால் தேய்த்தது, கம்பித்தட்டு இடிக்கக் கதவை மூடியது, சூடான கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்தது என எதுவும் காரணமாகலாம். அரிதாக, கண்ணாடிக்குள்ளேயே இருக்கும் நிக்கல் சல்பைடுத் துகளும் காரணமாகும். வெப்பம் ஏறி இறங்குவது இருக்கும் கீறலை வளர்க்கும் என்பதால், கீறல் விழுந்த கதவோடு செல்ஃப் கிளீனை இயக்கக் கூடாது. உடைந்ததை அள்ளும்போது கையுறை அணியுங்கள். உள்ளே விழுந்த துகள்கள் முழுதும் போகும்வரை சமைக்காதீர்கள்.

கேள்வி: இவ்வளவு ஆபத்து என்றால் ஓவனை வேறு எப்படித்தான் சுத்தம் செய்வது? சந்தையில் கிடைக்கும் ஸ்ப்ரே, சமையல் சோடா, வினிகர் இவற்றில் எது நல்லது?

பதில்: முதலில் உங்கள் ஓவனின் உட்சுவரைத் தொட்டுப் பாருங்கள். வழுவழுப்பான எனாமலாக இருந்தால் ஒரு வழி. சொரசொரப்பாக, மங்கிய நிறத்தில் இருந்தால் அது வினையூக்கித் தகடாக இருக்கலாம். அந்தத் தகடு சமையல் வெப்பத்திலேயே, அதாவது 200 டிகிரியைத் தாண்டியதும், தெறித்த எண்ணெயை மெல்ல எரித்துவிடும். அதன் மேல் எதையும் தடவவோ தேய்க்கவோ கூடாது. நுண்துளைகள் அடைபட்டால் தகட்டையே மாற்ற வேண்டும்.

எனாமலுக்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவி இரவு முழுவதும் விட்டுத் துடைப்பதே என் தேர்வு. சூடேற்றும் கம்பியிலும் அலுமினியப் பாகங்களிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து நுரைப்பதைக் கண்டு மகிழ்வதில் பயனில்லை. ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, எஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். ஸ்ப்ரேக்களில் பல காஸ்டிக் சோடா கலந்தவை. கறையை அகற்றும், தோலையும் கண்ணையும் மூச்சுக்குழலையும் அரிக்கும். செல்ஃப் கிளீன் வசதியுள்ள ஓவனில் கையேடு அனுமதித்தாலொழிய அவற்றைப் பயன்படுத்தாதீர்கள். துடைபடாமல் எஞ்சிய மருந்து அந்த வெப்பத்தில் எனாமலைத் தின்றுவிடும். கதவின் ஓரத்தில் ஓடும் கண்ணாடி இழை நாடாவை மட்டும் எதனாலும் தேய்க்க வேண்டாம். அது சேதமானால் வெப்பம் கசியும்.

நீராவியால் சுத்தம் செய்யும் வசதி இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள். தரையில் சிறிது நீரூற்றி, குறைந்த வெப்பத்தில் அரை மணி நேரம் இயக்கினால் புதிய கறைகள் நெகிழ்ந்துவிடும். பழைய, கருகி இறுகிய கறைக்கு அது போதாது. அப்படிக் கருகிய கறைக்காகச் செல்ஃப் கிளீன் போட்டே ஆக வேண்டும் என்றால், முதலில் சோடாவால் முடிந்தவரை குறைத்துவிட்டு, கையேடு அனுமதிக்கும் மிகக் குறுகிய நேரத்தைத் தேர்ந்தெடுத்து, பகலில், வீட்டில் ஆள் விழித்திருக்கும்போது இயக்குங்கள்.