சின்சே பொடியும் ஐந்து கிலோ எடையும்

கேள்வி: என் கணவருக்கு வயது 54. பத்து வருடமாகச் சர்க்கரை, எடை 88 கிலோ. மேல்மாடிச் சீன அம்மா சொல்லி ஒரு சின்சேயிடம் (சீன வைத்தியரிடம்) போனார். அவர் நாக்கைப் பார்த்து, நாடி பிடித்து, "உடம்பில் ஈரம் அதிகம், மண்ணீரல் பலவீனம்" என்று பொடிப் பொட்டலங்கள் கொடுத்தார். சின்சே சொல்லாமலே இவர் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். ஆறு வாரத்தில் ஐந்து கிலோ குறைந்துவிட்டது. அவருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் இரவில் நாலு முறை சிறுநீர் கழிக்க எழுகிறார். தலைமாட்டில் வைக்கும் தண்ணீர் பாட்டில் விடிவதற்குள் காலி. இது நல்லதுதானா?
- வாசகி, சிங்கப்பூர்

பதில்: சகோதரி, இதைப் படித்த கையோடு அவருக்குச் சர்க்கரை பாருங்கள். அப்புறம் இன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், மந்தமான தூக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் ஆம்புலன்சுக்கு 995-ஐ அழையுங்கள்.

உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. இரத்தச் சர்க்கரை லிட்டருக்குச் சுமார் 10 மில்லிமோல் என்ற அளவைத் தாண்டினால் சிறுநீரகத்தால் பிடித்து வைக்க முடியாது. சர்க்கரை சிறுநீரில் இறங்கும், தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் தாகம், அதனால்தான் இரவில் எழுவது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் வெளியேறுவதால் கொழுப்பும் தசையும் கரைகின்றன. அந்த ஐந்து கிலோ பெரும்பாலும் இப்படிப் போனதாகத்தான் இருக்கும். பொடியின் வெற்றி என்று அவர் நினைப்பது, மாத்திரையை நிறுத்தியதன் விளைவு.

சீன வைத்தியத்தின் பழைய ஏடுகளைக் கேட்டாலும் இதையேதான் சொல்லும். நீரிழிவுக்கு அவர்கள் வைத்த பெயர் 'சியாவ்க்கெ'. சியாவ் என்றால் கரைந்து தேய்வது, க்கெ என்றால் தாகம். உங்கள் கணவரின் ஆறு வாரத்தை இரண்டே சொல்லில் எழுதிவிட்டார்கள். 7-ஆம் நூற்றாண்டில் ஜென் ச்சுவான் என்ற வைத்தியர் இந்த நோயாளிகளின் சிறுநீர் இனிக்கிறது என்று குறித்தார். 752-இல் தொகுத்த ஒரு பெரிய மருத்துவ நூலில் அது பதிவாகியிருக்கிறது. அவர் காலத்து இன்னொரு வைத்தியர் சுன் சிமியாவ், சியாவ்க்கெ உள்ளவர் மதுவையும் உப்புப் பண்டத்தையும் மாவுப் பண்டத்தையும் விலக்கவேண்டும் என்றார். கோதுமை நூடுல்ஸும் அதில் சேர்த்தி!

அந்த 'ஈரம்' என்ற பேச்சும் வெறும் கதை இல்லை. ஈராயிரம் வருடப் பழைமையான ஹுவாங்தி நெய்ஜிங் என்ற மருத்துவ நூல், கொழுத்த சாப்பாடு உள்ளே சூட்டை உண்டாக்கும், இனிப்பு வயிற்றை நிறைத்து அடைக்கும், அதுவே சியாவ்க்கெயாக மாறும் என்கிறது. அவர்கள் சொல்லும் மண்ணீரல், ஸ்கேனில் தெரியும் உறுப்பு அல்ல. உணவைச் செரித்து உடம்புக்கு அனுப்பும் வேலைக்கே அந்தப் பெயர். அது தளர்ந்தால் மிச்சம் ஈரமாகவும் சளியாகவும் தங்கி, வயிற்றைச் சுற்றிச் சேரும் என்பது கணக்கு. நாக்கு தடித்து, ஓரத்தில் பல் பதிந்த தடமும் மேலே பிசுபிசுத்த வெள்ளைப் படிவும் இருந்தால் அதற்கு அடையாளம். தொப்பைக்கும் சர்க்கரைக்கும் முடிச்சுப் போட்ட அந்தக் கண்ணை நான் மதிக்கிறேன். ஆனால் நாக்கைப் பார்த்து 9 மில்லிமோலா 19 மில்லிமோலா என்று எந்தச் சின்சேயாலும் சொல்ல முடியாது.

அடுத்தது பொட்டலம். ஹுவாங்லியன் என்ற மஞ்சள் வேர் சீன வைத்தியர்கள் அடிக்கடி சேர்ப்பது. வாயில் வைத்தால் நாக்கே சுருளும் கசப்பு. அதிலுள்ள பெர்பெரின் நம் மரமஞ்சளிலும் உண்டு. சிறிய ஆய்வுகளில் அது சர்க்கரையைக் குறைத்திருக்கிறது. வேலை செய்கிற பொருள் என்பதாலேயே மற்ற மாத்திரைகளோடு மோதவும் செய்யும். சீனாவில் விற்கும் சியாவ்க்கெ வான் உருண்டையில் மூலிகையோடு கிளிபென்கிளமைடு என்ற, சர்க்கரையைக் குறைக்கும் ஆங்கில மருந்தும் இருக்கிறது, உருண்டைக்கு 0.25 மில்லிகிராம். பத்து உருண்டை போட்டால் இரண்டரை மில்லிகிராம். மூலிகை என்று நம்பிக் கூடுதலாகப் போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். இதே மருந்தைத் திருட்டுத்தனமாகக் கலந்த 'ஆண்மை மாத்திரை'களால் 2008-இல் உங்கள் ஊரிலேயே 150 பேர் ஆஸ்பத்திரிக்கு வந்து, 4 பேர் இறந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைப்புக்குக் கொடுத்த சீன மூலிகையில், பெயர் ஒத்திருந்த வேறொரு வேர் மாறிச் சேர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. பத்து வருடச் சர்க்கரைக்காரரின் சிறுநீரகத்தை வைத்து இந்தச் சோதனை வேண்டாம்.

எனவே டாக்டர் பார்க்கும்வரை பொடியை நிறுத்தி வையுங்கள். மெட்ஃபார்மினை எந்த அளவில் திரும்பத் தொடங்குவது என்பதை இரத்தப் பரிசோதனை பார்த்து அவர் சொல்லட்டும். கணவரிடம் சண்டை வேண்டாம். எடை குறைய ஆசைப்பட்டது நல்ல ஆசைதானே? சீனர்களிடம் ஒரு பழமொழி உண்டு: சாப்பிட்டபின் நூறடி நட, தொண்ணூற்றொன்பது வரை வாழ். சாப்பிட்ட பின் நடந்தால் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் புளோக்கைச் சுற்றி இருவருமாகப் பதினைந்து நிமிடம் நடங்கள். சின்சேயிடம் மறுபடி போக விரும்பினால், பதிவு பெற்றவர்தானா என்று பாருங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை அவரிடமும், பொடியில் உள்ள மூலிகைகளின் பெயரை எழுதி வாங்கி டாக்டரிடமும் கொடுங்கள். காலில் மரப்பு இருந்தால் மூலிகை கொளுத்திச் சூடு வைப்பதற்குச் சம்மதிக்காதீர்கள். சுட்டாலும் அவருக்குத் தெரியாது.

மிச்சமுள்ள பொட்டலங்களைத் தூக்கிப் போடவேண்டாம். உறையோடு பையில் டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.